கேட்ட தந்தையும் கண்ட தாயும்: கலாமின் நூல்களில் ஆஷியம்மா

பெரியோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவோர் அவரைப் பெற்ற தாயைப் புகழாமல் விடுவதில்லை. தொழுகை தவறாதவர், பொறுமை மிக்கவர், விருந்தோம்பலில் சிறந்தவர், நீண்ட ஆயுள் பெற்றவர் என்று நான்கு அடைமொழிகளை அடுக்கி, ஒரு துஆவோடு அப்பகுதியை முடித்துவிடுவது நம் தமிழ் முஸ்லிம் எழுத்தில் ஏறக்குறைய மரபாகவே ஆகிவிட்டது. நினைவு மலர்களைப் புரட்டினால் ஓர் ஊரின் தாயை மற்றோர் ஊரின் தாயிடமிருந்து பிரித்தறிவது அரிது. தொண்ணூறு ஆண்டு வாழ்ந்த ஒருவர் என்ன சொன்னார், யாரிடம் கேட்டுச் சொன்னார், அவர் சொன்னதை யார் வாங்கி வைத்தார்கள் என்ற வினாக்களுக்கு அப்பக்கங்களில் விடை இராது. எளிய எழுத்தாளர்களிடம் மட்டும் காணப்படும் குறையன்று இது. மிகுந்த அன்போடும் நேர்மையோடும் எழுதப்பட்ட நூல்களிலும் இது உண்டு என்பதை ஒரு சான்று கொண்டு ஆராய விழைகிறோம்.

அச்சான்று நமக்கு அயலானதன்று. பந்தல்குடி, அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய நம் கரிசல் ஊர்கள் 1985இல் மாவட்டம் பிரியும் வரை இராமேசுவரத்தோடு ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவை. அவ்விராமேசுவரத்தின் பள்ளிவாசல் தெருவில் வாழ்ந்த ஆஷியம்மா, முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமின் தாயார். 93 ஆண்டுகள் வாழ்ந்தவர் என்று மகனே குறிப்பிடுகிறார். கணவர் ஜைனுலாப்தீன் 1976இல் தம் 102ஆம் வயதில் மறைந்தார். ஆஷியம்மா அதன்பின் நெடுநாள் இருக்கவில்லை. ஒரு பெரிய கூட்டுக்குடும்பத்தின் அடுப்பும் அரிசிப்பானையும் பல பத்தாண்டுகள் அவர் பொறுப்பில் இருந்தன. அவரைப் பற்றி நாம் அறிந்தவை யாவும் பெரும்பாலும் கலாமின் இரண்டு நூல்களிலிருந்து கிடைப்பவை. ஒன்று 1999இல் அருண் திவாரியின் துணையோடு வெளிவந்த 'அக்கினிச் சிறகுகள்'. மற்றொன்று 2013இல் வெளிவந்த 'எனது பயணம்'.

முதல் நூல் தாயை அறிமுகப்படுத்தும் முறையைப் பார்ப்போம். அவருடைய முன்னோர் ஒருவருக்கு ஆங்கிலேயர் 'பகதூர்' பட்டம் அளித்தனர் என்கிறது. நாள்தோறும் அவர் எத்தனை பேருக்குச் சோறு போட்டார் என்பது நினைவில்லை, ஆயினும் வீட்டாரின் மொத்த எண்ணிக்கையைவிட வெளியாரே மிகுதி என்கிறது. சமையற்கட்டில் தரையில் அமர்ந்து வாழையிலையில் உண்டதையும், அவர் பரிமாறிய சோற்றையும் சாம்பாரையும் ஊறுகாயையும் தேங்காய்ச் சட்டினியையும் ஆசையோடு நினைவுகூர்கிறது. இவை அனைத்தும் உண்மையான செய்திகள். படிப்போர் நெஞ்சில் நிற்பவை.

தந்தை அதே நூலில் வேறு விதமாக வருகிறார். முறையான கல்வியோ பெருஞ்செல்வமோ இல்லாத அவரிடம் சிறுவன் கலாம் தொழுகையின் பொருளைக் கேட்கிறான். அவர் விடை சொல்கிறார். துன்பம் ஏன் வருகிறது என்பதற்கும் அவரிடம் விளக்கம் உண்டு. இராமநாதசுவாமி கோயிலின் தலைமைக் குருக்கள் பட்சி இலட்சுமண சாஸ்திரியும் அவரும் சமய உண்மைகளைப் பற்றி உரையாடுகிறார்கள். பள்ளிவாசல் வாயிலில் நீர்க்கிண்ணங்களோடு மக்கள் அவருக்காகக் காத்து நிற்கிறார்கள். தந்தையின் மார்க்கம் சொற்களாக மகனின் செவியில் விழுகிறது. தாயின் மார்க்கமோ கண்ணுக்கு மட்டுமே தெரிகிறது. ஐவேளையும் தொழுத தாய், தொழுகையில் இருக்கும்போது வானவரைப் போலத் தோன்றினார் என்று கலாம் எழுதுகிறார். எழுதியவரின் அன்பில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தொழுது முடித்து முஸல்லாவை மடித்தபின் அத்தாய் என்ன சொன்னார் என்பது எங்கும் இல்லை.

ஹதீஸ் கலை பயில்வோர் முதலாண்டிலேயே கற்கும் ஒரு பகுப்பு இங்குப் பயன்படும். நபி (ஸல்) அவர்களின் சுன்னத், சொல் என்றும் செயல் என்றும் மௌன அங்கீகாரம் என்றும் மூன்றாக அறிவிக்கப்படுகிறது. கண்டதும் சான்று, கேட்டதும் சான்று. எனவே தாயின் செயலை மட்டும் எழுதியது குறையாகுமா என்று ஒருவர் வினவலாம். செயல் சான்றாவதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் ஒருவரிடமிருந்து செயல் மட்டுமே அறிவிக்கப்பட்டு, சொல் ஒன்றுகூட அறிவிக்கப்படாவிட்டால், அவர் பேசவில்லை என்பது பொருளா, கேட்டவர் குறித்து வைக்கவில்லை என்பது பொருளா என்று ஆராய வேண்டியது திறனாய்வாளர் கடமை.

கலாமின் நூலிலேயே இவ்வினாவுக்கு விடையளிக்கும் இடம் ஒன்று உண்டு. இராமநாதபுரத்துக்குச் சென்று உயர்நிலைப் பள்ளியில் படிக்க மகன் விரும்புகிறான். தந்தை இசைகிறார். கூடின்றித் தனியே பறக்கும் கடற்பறவையை உவமை காட்டி மகனுக்கு விடை கொடுக்கிறார். தாய் தயங்குகிறார். அவருக்கு மறுமொழியாக, பிள்ளைகள் பெற்றோரின் உடைமையல்லர் என்னும் கருத்தில் கலீல் ஜிப்ரான் எழுதியதைத் தந்தை எடுத்துச் சொல்கிறார். (இராமேசுவரத்தில் படகு கட்டிய அப்பெரியவர் ஜிப்ரானைத்தான் சொன்னாரா, அல்லது அவர் சொன்ன கருத்தை மகன் பின்னாளில் தாம் படித்த சொற்களில் எழுதினாரா என்ற ஐயம் ஹதீஸ் படித்தவருக்கு எழாமல் இராது. கருத்தை மட்டும் காத்து, சொல்லை மாற்றி அறிவிப்பதற்கு நம் இமாம்கள் சில நிபந்தனைகளோடு இடமளித்திருக்கிறார்கள். ஆகவே அதை அவ்வளவில் விடுவோம்.) நாம் சுட்ட விரும்புவது வேறு. மறுமொழி நூலில் இருக்கிறது. எம்மொழிக்கு அது மறுமொழியோ அம்மொழி இல்லை. தாய் என்ன சொல்லித் தயங்கினார்? பிள்ளையின் உடல்நலம் குறித்தா, பணம் குறித்தா, தொழுகை விட்டுப்போகும் என்றா? தயங்கினார் என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு தாயின் வாதம் முழுவதும் அடங்கிப்போயிற்று.

இரண்டாம் நூலில் நிலைமை ஓரளவு மாறுகிறது. தாய்க்கும் தமக்கைக்குமாக அதில் தனி இயலே உண்டு. போர்க்காலப் பங்கீட்டில் கோதுமை கிடைத்த நாள்களில் தாய் சுட்டுப் போட்ட சப்பாத்திகளைச் சிறுவன் கலாம் தின்றுகொண்டே இருக்கிறான். தாய் தம் பங்கையும் அவன் இலையில் இட்டுவிட்டார் என்பதை அண்ணன் பின்னர்த் தனியே அழைத்துக் கடிந்து சொல்லும்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. உடல் நடுங்கி ஓடிச் சென்று தாயைக் கட்டிக்கொள்கிறான். மின்சாரம் இல்லாத வீட்டில் இரவு ஏழு மணி முதல் ஒன்பது மணி வரைதான் விளக்கெரியும். இவன் பதினொரு மணி வரை படிக்கத் தாய் ஒரு சிறு மண்ணெண்ணெய் விளக்கைத் தனியே தந்தார். கணக்கு ஆசிரியர் குளித்துவிட்டு வரும் மாணவருக்கே விடியுமுன் நான்கு மணிக்குப் பாடம் சொன்னார். அதற்காகத் தாய் முன்னரே எழுந்து மகனை எழுப்பிக் குளிப்பாட்டி அனுப்பினார். ஐந்தரை மணிக்குத் திரும்பும்போது தொழுகைக்கும் குர்ஆன் ஓதவும் அழைத்துச் செல்லத் தந்தை காத்திருந்தார்.

இப்பகுதியே இவ்விரு நூல்களிலும் ஆஷியம்மாவை நமக்கு மிக அருகில் கொண்டுவருவது. எண்பதைக் கடந்த பின்னர், எழுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு சப்பாத்தியை மகன் மறக்காமல் எழுதுவது சிறிய செய்தியன்று. ஆயினும் இங்கும் கடிந்து பேசுபவர் அண்ணன், தாய் பேசவில்லை. நான்கு மணிக்கு மகனை அனுப்பியவர் அதற்கு எவ்வளவு நேரம் முன்பு எழுந்தாரோ, மகன் போன பின் ஃபஜ்ரு வரை என்ன செய்தாரோ, அது தஹஜ்ஜுதின் நேரம். அந்நேரம் எந்த நூலிலும் பதிவாகவில்லை.

இதே இல்லறப் பாட்டை வேறு விதமாக எழுதிய மரபு ஒன்று நம்மிடம் இருந்தது. ஹழ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்கள் ஏறத்தாழ நூறு ஆண்டு வாழ்ந்து ஹிஜ்ரி 73இல் மறைந்தார்கள். குடும்பத்தின் மூத்த தாய் என்ற சொல்லுக்கு அவர்களைவிடப் பொருத்தமானவரைக் காட்டுவது கடினம். மணமான தொடக்கத்தில் கணவர் ஸுபைர் (ரலி) அவர்களுக்குக் குதிரையும் ஒட்டகமும் தவிர வேறு செல்வமில்லை. அக்குதிரைக்குத் தீனி வைத்ததையும், நீர் இறைத்ததையும், கிழிந்த தோல் வாளியைத் தைத்ததையும், மாவு பிசைந்ததையும், தமக்கு ரொட்டி சுட நன்றாக வராததால் அன்சாரிப் பெண்கள் சுட்டுத் தந்ததையும், தொலைவிலிருந்த நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வந்ததையும் புகாரி கிரந்தம் பதிவு செய்திருக்கிறது. பதிவு செய்த விதம்தான் கருதத்தக்கது. மகனோ பேரனோ பார்த்துப் புகழ்ந்ததாக அது வரவில்லை. அஸ்மா (ரலி) அவர்களே சொன்னதாக, அவர்கள் வாய்மொழியாகவே வந்திருக்கிறது. தமக்கு ரொட்டி சுட வராது என்பதைச் சொல்ல அவர்களால் மட்டுமே இயலும். புகழ எண்ணிய மகன் அதை விட்டிருப்பார்.

அவர்களின் சொற்கள் எவ்வழியே வந்தன என்பதும் நோக்கத்தக்கது. சூரிய கிரகணத் தொழுகை பற்றிய புகழ்பெற்ற அறிவிப்பு, ஆடையில் பட்ட மாதவிடாய்க் கறையைத் தூய்மை செய்வது பற்றிய சட்டம், காய்ச்சல் கண்ட பெண்ணின் மார்பில் நீர் ஊற்றும் வழக்கம் ஆகியவற்றைப் பேத்தி ஃபாத்திமா பின்த் அல்முன்திர் பாட்டியிடமிருந்து அறிவிக்கிறார். ஃபாத்திமாவிடமிருந்து அவருடைய கணவரும் சிறிய தகப்பனார் மகனுமான ஹிஷாம் இப்னு உர்வா அறிவிக்கிறார். ஹிஷாமிடமிருந்து இமாம் மாலிக் (ரஹ்) பெறுகிறார். பாட்டி, பேத்தி, பேத்தியின் கணவர் என்று ஒரு வீட்டின் திண்ணையைத் தாண்டாத சங்கிலி, 'முவத்தா'வில் சென்று சேர்கிறது. நோயாளியைக் கவனிப்பதும் துணி துவைப்பதுமான வீட்டறிவு ஃபிக்ஹின் ஆதாரமாயிற்று. பேத்தி காதுகொடுத்துக் கேட்டார், பேரர் அதைப் பெயர் சொல்லி அறிவித்தார் என்பதே இதற்குக் காரணம்.

நீண்ட ஆயுளை நம் முன்னோர் எப்படி மதித்தனர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இன்று நாம் ஒருவரின் ஆயுளைப் பேரப்பிள்ளைகளின் எண்ணிக்கையால் அளக்கிறோம். முஹத்திஸ்கள் அதை இஸ்னாதின் உயரத்தால் அளந்தார்கள். அறிவிப்பாளர்களின் எண்ணிக்கை குறையக் குறையச் சங்கிலி உயரும். சிறு வயதில் கேட்டு முதுமை வரை வாழ்பவரால்தான் அது குறையும். மக்காவில் வாழ்ந்து ஹிஜ்ரி 463 அளவில் மறைந்த கரீமா அல்மர்வஸிய்யா நூறு வயதை நெருங்கியவர் என்பர். ஹஜ்ஜுக்கு வந்த கதீப் பக்தாதி அவரிடம் புகாரியைக் கேட்டார். திமிஷ்கில் ஹிஜ்ரி 646இல் பிறந்து 740இல் மறைந்த ஸைனப் பின்த் அல்கமால், இளமையிலிருந்தே கண்நோயால் வருந்தியவர், மணம் செய்துகொள்ளாதவர். அவரிடம் இருந்த இஜாஸாக்கள் ஓர் ஒட்டகச் சுமை என்றும், அவர் மறைந்தபோது மக்கள் பல ஹதீஸ்களில் ஒரு படி கீழே இறங்கிவிட்டனர் என்றும் எழுதி வைத்தார்கள். ஒரு மூதாட்டியின் மரணம் ஓர் ஊரின் கல்வியை ஒரு படி இறக்கியது என்பது வெறும் இரங்கலுரையன்று. கணக்கிட்டுச் சொன்ன சொல். ஹிஜ்ரி 726இல் அவரிடம் இஜாஸா பெற்றவர்களுள் ஒருவர், பின்னாளில் மஅபருக்கு வந்து நம் மதுரையையும் கண்ட இப்னு பதூதா. அவர் கொங்கண, மலையாளக் கரைகளின் வழியே வந்தபோது ஹினவ்ர் என்னும் ஊரில் பெண்கள் குர்ஆனை மனனம் செய்திருந்ததையும், அங்குச் சிறுமியர்க்கு 13 பள்ளிகள் இருந்ததையும் எண்ணிக் குறித்துவைத்தார். ஸகாவீ (ரஹ்) தம் நூற்றாண்டின் பெருமக்கள் வரலாற்றை எழுதியபோது பன்னிரண்டாம் பாகம் முழுவதையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கே ஒதுக்கினார்.

இம்மரபின் வழிவந்தோம் என்று சொல்லும் நாம் என்ன செய்கிறோம்? நம் கரிசல் ஊர்களில் ஒரு மூதாட்டி மௌத்தானால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இன்னாரின் தாயார், இன்னாரின் மனைவி என்று அறிவிக்கிறார்கள். பெயர் சொல்லப்படாததே வழக்கம். இது மரியாதை என்பர். அரபுகளும் மகனின் பெயரால் உம்மு என்று அழைத்தார்களே என்பர். அழைத்தார்கள், ஆனால் தபகாத் ஆசிரியர்கள் அக்குன்யாவோடு இயற்பெயரையும், தந்தை பாட்டன் பெயரையும், யாரிடம் கேட்டார், யார் அவரிடம் கேட்டார் என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். இவ்வகையில் கலாம் நம்மில் பலரைவிட உயர்ந்து நிற்கிறார். தாயின் பெயரை மறைக்காமல் உலகறியச் சொன்னார். தமக்குச் சென்னையில் பொறியியல் படிக்கக் கட்டணம் வேண்டியிருந்தபோது தமக்கை ஜொஹரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்ததையும் பெயரோடு சொன்னார்.

அண்டைச் சமூகத்தார் இதில் எப்படி நடந்தனர் என்பதைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. நம் திருச்சுழியில் 1879இல் பிறந்த இரமணரின் அன்னை அழகம்மாள், இறுதி ஆண்டுகளில் மகனோடு திருவண்ணாமலையில் வாழ்ந்து 1922இல் மறைந்தார். அவர் அடக்கமான இடத்தில் எழுந்த கோயிலைப் பற்றி நாம் பேச வரவில்லை. நம் அகீதா வேறு. ஆனால் அப்பளம் இடுவதற்கு அவ்வன்னை மகனை உதவிக்கழைத்தார் என்பதும், அதிலிருந்து அப்பளப் பாட்டு என்ற ஞானப்பாடல் பிறந்தது என்பதும் குறிக்கத்தக்கவை. அங்கே அடுக்களையின் அழைப்பு ஓர் இலக்கியத்துக்குத் தோற்றுவாயாகப் பதிவாகியிருக்கிறது.

இனி நம் ஆய்வின் மையமான இடத்துக்கு வருவோம். 'அக்கினிச் சிறகுக'ளில் ஒரே ஒரு வாக்கியத்தில் ஆஷியம்மா ராவியாக வருகிறார். இராமாயண நிகழ்ச்சிகளையும் நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை நிகழ்ச்சிகளையும் தாயும் பாட்டியும் இரவில் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்வார்கள் என்கிறது அவ்வாக்கியம். இராமேசுவரத்தின் சீதா கலியாண விழாவுக்குப் படகுகள் ஏற்பாடு செய்த குடும்பம் அது என்பதால், இச்செய்தியை மத நல்லிணக்கத்துக்குச் சான்றாகப் பலரும் எடுத்தாள்கிறார்கள். எடுத்தாளட்டும். அவ்வளவோடு நின்றுவிடுவதே நம் மனக்குறை. ராவிகள் இருவர் என்கிறது நூல், ரிவாயத் எங்கே?

இது வெறும் ஆர்வத்துக்காகக் கேட்கும் கேள்வியன்று. தமிழ் இலக்கிய வரலாற்றுக்கு வேண்டிய கேள்வி. பந்தல்குடியிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை எட்டயபுரத்தைத் தொடுகிறது. அங்கேதான் உமறுப் புலவர் அடங்கியிருக்கிறார். நபிகளார் வரலாற்றை விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களில் பாடிய அவர், கம்பரின் காப்பிய நடையை உள்வாங்கியவர் என்பதை ஆராய்ச்சியாளர் பலர் காட்டியிருக்கிறார்கள். ஒரே தாய் ஒரே இரவில் இராமகாதையையும் நபி சரிதத்தையும் சொன்னபோது, அந்நபி சரிதம் சீறாப்புராணச் சொற்பொழிவில் கேட்டதா? பெண்கள் கூடி ஓதிய மௌலிதின் வழி வந்ததா? அறபுத்தமிழில் எழுதப்பட்ட மாலை, கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து ஆகிய ஏடுகளிலிருந்து வந்ததா? கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் அறபுத்தமிழில் எழுதிய நூல்கள் அக்கரையோர ஊர்களில் பெண்கள் கையில் தவழ்ந்த காலம் அது. ஹிரா குகையை அத்தாய் எப்படி வருணித்தார்? மணலும் கடலும் மட்டும் கண்ட பிள்ளைகளுக்கு மக்காவின் மலையை எதைச் சொல்லி விளக்கினார்? தாயிஃபில் கல்லெறிந்ததைச் சொல்லும்போது குரல் தழுதழுத்ததா, அல்லது அப்பகுதியை விட்டுவிட்டு மிஃராஜுக்குப் போனாரா? இவற்றுள் ஒன்றுக்கேனும் விடை இருந்திருந்தால், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் முஸ்லிம் பெண்களிடம் சீறா எவ்வடிவில் வழங்கியது என்பதற்கு நேரடிச் சான்று ஒன்று கிடைத்திருக்கும்.

'அக்கினிச் சிறகுக'ளின் முகப்பில் தாயை விளித்து எழுதிய கவிதையொன்று இருக்கிறது. மஹ்ஷரில் மீண்டும் சந்திப்போம் என்ற நம்பிக்கையில் அது முடிகிறது. விளிக்கப்படுபவர் அதில் வாய் திறப்பதில்லை. விளிக் கவிதையின் இலக்கணமே அது. அதைக் கொண்டு கலாமைக் குறைகூறுவது முறையாகாது. ஏவுகணைகளைப் பற்றி எழுத வந்தவர் தாய்க்கு இவ்வளவு இடம் தந்ததே பெரிது. ஆலிம்களும் அரபிக் கல்லூரி ஆசிரியர்களுமான நாம், சொல் பதிவு செய்யும் கலையையே தொழிலாகக் கொண்டிருந்தும், நம் வீட்டு மூதாட்டிகளைப் பற்றி இவ்வளவேனும் எழுதியிருக்கிறோமா என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது. நிஸ்வான் மதரஸாக்களில் பயிலும் மாணவியர் ஸைனப் பின்த் அல்கமாலின் பெயரைத் தேர்வுக்காகப் படிக்கிறார்கள். வீட்டு மூலையில் தஸ்பீஹோடு அமர்ந்திருக்கும் நன்னியிடம் எந்த முனாஜாத்து மனப்பாடம், அதை யாரிடம் கேட்டீர்கள் என்று வினவும்படி எந்தப் பாடத்திட்டமும் அவர்களைப் பணிக்கவில்லை.

கணக்கு ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறோம். கலாம் 1931இல் பிறந்து 2015இல் மறைந்தார். இன்று பந்தல்குடியிலோ இளையான்குடியிலோ கீழக்கரையிலோ தொண்ணூறைக் கடந்து வாழும் பெண்கள் அவர் வயதினர். அவர்கள் பாயில் படுத்துக் கதை கேட்டது ஆஷியம்மாவின் தலைமுறையிடம். அத்தலைமுறைக்கும் நமக்கும் இடையில் இப்போதைக்கு ஒரே ஒரு ராவிதான்.